உலகம்மை பரிமாறிய அடியந்திரம்

உலகம்மைக்கு நோயாளிகளைக் கண்டால் ஆகாது. நோய் என்பதே வேலை செய்யச் சோம்பல்பட்டவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு என்பது அவள் கட்சி. பூதப்பாண்டிக்குத் தெற்கே பழையாற்றை ஒட்டிய அவளுடைய சிற்றூரில் எந்த வீட்டிலாவது இருமல் சத்தம் கேட்டால், வாசலில் நின்று, "இது என்ன இருமலா, பூனை பாலுக்குக் கத்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். காய்ச்சல் என்று போர்த்திப் படுத்தவர்களுக்கும் அவளிடம் ஒரு வைத்தியம் இருந்தது. "எழும்பி ஒரு கோட்டை நெல்லு அவிச்சுக் குத்து. காய்ச்சல் அது பாட்டுக்குப் போயிரும்."

அப்படிச் சொல்ல அவளுக்குத் தகுதியும் இருந்தது. நாற்பது வயதில் அவள் ஒரு தும்மல்கூடக் கடன் வாங்கியதில்லை. நல்ல உயரம். உலக்கையைத் தூக்கினால் எது உலக்கை எது கை என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. முடியோ இடுப்புக்குக் கீழே இறங்கும். அதை அள்ளிக் கொண்டை போட்டால் தலைக்குப் பின்னால் இன்னொரு தலை இருப்பது போலத் தோன்றும். வீட்டில் கஷாயம் போடுவதற்கென்று மாமியார் வைத்துவிட்டுப் போன மண்சட்டியில் அவள் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருந்தாள்.

அவள் புருஷன் அய்யம்பெருமாள் பிள்ளை நேர் எதிர். ஒல்லி மனிதர். பேச்சில் மகா சிக்கனம். ஒரு நாளைக்கு ஒரு வெற்றிலைச் செல்லம் காலியாகும், ஆனால் வாயிலிருந்து பத்து வார்த்தை வராது. பிள்ளை குட்டி இல்லை. கொஞ்சம் வயல், ஒரு எருமை, கொல்லையில் இரண்டு புளியமரம். உழவு அவர் பொறுப்பு, சத்தம் அவள் பொறுப்பு என்று வாழ்க்கை சீராகப் போய்க்கொண்டிருந்தது.

கொல்லம் ஆயிரத்து நூற்று ஏழாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1932, ஆடி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்துக் காற்று ஊளையிட்டு ஓடும் காலம். முதலில் அவள் அதைக் காய்ச்சல் என்று ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் அதிகம் என்றாள். வெயிலே இல்லை என்று அய்யம்பெருமாள் சொன்னபோது, "உமக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு?" என்றாள். உடம்பு அனலாகக் கொதிக்க, எருமைக்குப் புல் அறுக்கப் போனாள். வரப்பில் புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்தவள் அப்படியே சேற்றில் சாய்ந்தாள். கட்டு அவள்மேல் விழுந்து மூடிக்கொண்டது. அந்த வழியாகப் போனவர்கள், யாரோ புல்லை அறுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் போய்விட்டார்கள். புல்லுக்கட்டு முனகுகிறதே என்று ஒருவர் நின்று பார்த்ததால் உலகம்மை அன்றைக்குப் பிழைத்தாள்.

பூதப்பாண்டியிலிருந்து கம்பவுண்டர் ஜெபமணி சைக்கிளில் வந்தார். வெகுகாலம் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தவர். நாக்கைப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், "டைபாய்டு" என்றார். ஊரில் அதை 'டைப்படிக்கிற காய்ச்சல்' என்று புரிந்துகொண்டார்கள். அவள் பல் தந்தியடித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் பட்டது.

"இதுக்கு மருந்துன்னு ஒண்ணு கிடையாது," என்று உள்ளதைச் சொன்னார் ஜெபமணி. "காய்ச்சல் அதுவா இறங்கணும். தண்ணி குடுங்க, ஈரத்துணி போடுங்க. கஞ்சித்தண்ணி தவிர ஒரு பருக்கை உள்ளே போகக்கூடாது. நான் ஜெபம் பண்ணுதேன். நீங்க உங்க சாமியைக் கும்பிடுங்க. யாருக்குக் காது கேக்குதோ கேக்கட்டும்."

நாட்கள் போகப் போக உலகம்மை கட்டையாகிப் போனாள். கண் பாதி திறந்திருக்கும், பார்வை இருக்காது. கூப்பிட்டால் பதில் இல்லை. நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. அவ்வளவுதான் என்று சொந்தபந்தங்கள் முடிவுகட்டி, ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

அங்கேதான் எல்லாரும் ஒரு தப்புக் கணக்குப் போட்டார்கள். உலகம்மைக்கு வாய்தான் அடைத்திருந்தது, காது அடைக்கவில்லை. இமையைத் தூக்க முடியாது, விரலை அசைக்க முடியாது. ஆனால் கட்டிலைச் சுற்றிப் பேசுவதெல்லாம் கிணற்றுக்குள் விழும் கல் மாதிரி ஒவ்வொன்றாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பிறர் பேச்சை முழுதாகக் கேட்டறியாதவள், பதில் சொல்ல வழியில்லாமல் முதன்முறையாகக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். காய்ச்சலைவிட அதுதான் பெரிய சித்திரவதை என்று பிற்பாடு சொல்வாள்.

அய்யம்பெருமாளின் அண்ணன் தெய்வநாயகம் பிள்ளை சாப்பாட்டுக்குப் பேர்போனவர். செத்தவர்களுக்குப் பதினாறாம் நாள் ஊரைக் கூட்டிப் போடும் சாப்பாட்டை எங்கள் பக்கத்தில் அடியந்திரம் என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த அடியந்திரமும் அவர் யோசனை இல்லாமல் நடந்ததில்லை. கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே அவர் ஆரம்பித்தார்.

"ரெண்டு பாயசம் வைக்கணும். அடைப்பிரதமன் ஒண்ணு, சிறுபயிறு ஒண்ணு."

"சாவுக்கு ரெண்டு பாயசமா? ஊரு சிரிக்கும் அண்ணே," என்றாள் அவருடைய தங்கை அழகியநாயகி. அய்யம்பெருமாளுக்கு அக்காள், உலகம்மைக்கு நாத்தனார்.

"ஒத்தப் பாயசம் வச்சாத்தாண்டி சிரிக்கும். தம்பி பெஞ்சாதிக்கு ஒரு குறை வைக்கப்பிடாது. அவியல், எரிசேரி, புளிசேரி, இஞ்சிப்பச்சடி, ஏத்தங்காய் உப்பேரி. நெய்யை மட்டும் கொஞ்சம் கையைப் பிடிச்சு ஊத்தினாப் போரும்."

இரண்டு பாயசம் என்றதும் உள்ளே கிடந்த உலகம்மைக்குப் புருஷனின் அண்ணன்மேல் ஒரு மதிப்பு வந்தது. நெய் என்றதும் அது போய்விட்டது. நெய் யாருடைய எருமையின் நெய்? கறந்தது யார்? கடைந்தது யார்? கேட்க வாய் எழவில்லை.

அழகியநாயகி அடுத்த காரியத்துக்குப் போனாள். "ஆரல்வாய்மொழியிலே நம்ம சித்தப்பா வழியிலே ஒரு பிள்ளை இருக்கு. வாயிலே விரலை வச்சாலும் கடிக்கத் தெரியாது. என்னலே தம்பி, வருசம் திரும்பட்டும், பேசிருவமா?"

உலகம்மை உயிரையெல்லாம் காதுக்குக் கொண்டுவந்து கேட்டாள்.

"ம்," என்றார் அய்யம்பெருமாள்.

அந்த ஒரு 'ம்'தான் அவளைப் பிழைக்க வைத்தது என்று நான் சொல்வேன். எமன் வந்திருந்தாலும் அந்த 'ம்'முக்கு விளக்கம் கேட்காமல் அவள் கிளம்பியிருக்க மாட்டாள்.

கோட்டாற்றுக் கம்போளச் சந்தையிலிருந்து சேக் மைதீனும் பார்க்க வந்தார். வருஷா வருஷம் அவளுடைய புளியை வாங்கும் வியாபாரி. புளி வாங்குவது என்றால் சாதாரணமாக அல்ல. காலையில் சண்டை தொடங்கினால் உச்சிக்கு இருவரும் தனித்தனியாகத் தண்ணீர் குடித்துவிட்டு, சாயங்காலம் வரை நடக்கும். மைதீன் பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை ஒரு குப்பியில் கொண்டுவந்திருந்தார். அதை அய்யம்பெருமாளிடம் கொடுத்துவிட்டுக் கட்டில் பக்கம் குனிந்தார்.

"எக்கா, சேக் மைதீன் வந்திருக்கேன். இந்த வருசத்துப் புளி சவம், பூராக் கொட்டையும் நாரும். கேக்குதா? எழும்பி ஒரு வார்த்தை ஏசுங்கோ பாப்போம். நீங்க போயிட்டா நான் யாருகூடச் சண்டை பிடிக்க? மத்தவன் எல்லாம் சொன்ன விலைக்குத் தாறான். அதிலே என்ன ருசி இருக்கு?"

உலகம்மையின் கண்ணோரம் ஒரு சொட்டு நீர் இறங்கியது.

"இவ்வொளுக்குக் காது கேக்குது!" என்று நிமிர்ந்தார் மைதீன். "எல்லாரும் வாயைக் கொஞ்சம் அடக்கிப் பேசுங்கோ."

"அடுப்புப் புகை வேய்," என்றார் தெய்வநாயகம். மைதீனை அனுப்பிவிட்டு, எரிசேரிக்கு மத்தங்காய் போடுவதா சேனைக்கிழங்கு போடுவதா என்ற விவாதத்துக்குத் திரும்பினார்.

அந்த விவாதம் முடிய வெகுநாள் ஆனது. ஆவணி பிறந்து, வயலில் முதல் போகமான கன்னிப்பூ நெல் பழுக்கத் தொடங்கிய ஒரு காலையில் உலகம்மைக்குக் குப்பென்று வேர்த்தது. பாய் நனைந்தது. தலைமாட்டில் வழக்கம்போல் மாநாடு கூடியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"நூறு இலைக்கு ஒரு சேனை போரும்," என்றார் தெய்வநாயகம்.

"பத்தாது," என்றது கட்டில்.

துருப்பிடித்த கதவு திறப்பது போல ஒரு குரல். அழகியநாயகி கையிலிருந்த செம்பைப் போட்டாள். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"ரெண்டு சேனை வேணும். நெய்யிலே யாராவது கையைப் பிடிச்சா... கையை ஒடிச்சிருவேன்."

தெய்வநாயகம் பிள்ளை எப்போது எழுந்தார், எப்படி வெளியே போனார் என்று அவருக்கே தெரியாது. தோள் துண்டு கதவுக் கொண்டியில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றது, அவர் தெருவில் நின்றார். அழகியநாயகி திருநீற்றுத் தட்டை எடுத்து அப்படியே உலகம்மை மேல் கொட்டினாள். பேய்தான் பேசுகிறது என்று நினைத்தாள். அய்யம்பெருமாள் மட்டும் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தோள் குலுங்க என்னவோ செய்தார். சிரித்தாரா அழுதாரா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. முன்னே பின்னே அவர் இரண்டில் எதையும் செய்து பார்த்ததில்லை.

பிழைத்துவிட்டாள் என்று தெரிந்ததும், பிழைக்க வைத்தது யார் என்ற வழக்கு ஆரம்பித்தது. ஜெபத்தின் பலன் என்றார் ஜெபமணி. ஓதின தண்ணீர் என்று மைதீன் சொல்லவில்லை, ஆனால் முகத்தில் எழுதியிருந்தது. தான் திருச்செந்தூர் முருகனுக்கு உலகம்மையின் முடியை நேர்ந்துகொண்டதால்தான் என்று அழகியநாயகி சத்தியம் செய்தாள். பூதலிங்க சாமிக்கு வைத்த விளக்கை மறந்துவிடாதே என்றார் தெய்வநாயகம். உலகம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாருக்கும் ஒரு கும்பிடு," என்றாள். "ஆனா கிடந்து சுட்டுப்பொசுங்கினது இந்தக் கட்டை. அதுக்கும் ஒரு பங்கு வச்சுக்கிடுங்கோ."

முருகன் வெகுநாள் காத்திருக்கவில்லை. இந்தக் காய்ச்சல் இறங்கும்போது முடியையும் கொண்டுபோகும். உலகம்மையின் அத்தனை முடியும் கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. கொஞ்ச நாளில் தலை தேங்காய் போலாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தாள். பிறகு நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"மைனி, முருகன் ஆளனுப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. இனி நேரறதா இருந்தா உங்க முடியை நேருங்கோ."

முடி போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பசியைத்தான் பொறுக்க முடியவில்லை. காய்ச்சல் இறங்கினாலும் குடல் பழந்துணி மாதிரி இருக்கிறது, ஒரு பருக்கை பட்டாலும் கிழிந்துவிடும் என்று ஜெபமணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூவைக்கிழங்கு மாவுக் கஞ்சியும் பார்லித் தண்ணீரும்தான். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் இவளுக்கு இங்கே கண் கலங்கியது. ஜெபமணியின் சைக்கிள் மணி கேட்டதும், "வாரும், இன்னைக்காவது ஒரு மோர்மிளகாயை நக்க விடுவீரா?" என்பாள். அவர் மாட்டேன் என்பார். அவருடைய அப்பா தாத்தா வரைக்கும் போய் ஏசுவாள். ஏச்சில் நாளுக்கு நாள் பலம் ஏறுவதைக் கவனித்தே அவள் தேறுவதை அவர் கணக்கிட்டார்.

எழுந்து நிற்கப் பழகியதும் ஒரு பெரிய பாடு. உலக்கைக் கைகள் முருங்கைக்குச்சி ஆகியிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரைக்கும் போவாள், போனதும் எதற்கு வந்தோம் என்று உட்கார்ந்துவிடுவாள். கொல்லைக்குப் போய்வர அய்யம்பெருமாள் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல்முறை தனியாகப் போய்த் தனியாகத் திரும்பிய அன்று, கோட்டையைப் பிடித்த ராஜா மாதிரி வாசலில் நின்று, போகிறவர்கள் வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சேதியைச் சொன்னாள். அவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சோறு தின்னலாம் என்று ஜெபமணி ஒருநாள் சொன்னார். புதுநெல் குத்தியிருந்த சமயம். அய்யம்பெருமாளே சமைத்தார். குழைய வடித்து, மோர் விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, கும்பாவில் கொண்டுவந்து வைத்தார். உலகம்மை ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெல்லவில்லை. நாக்கில் அப்படியே வைத்திருந்தாள்.

நாற்பது வருஷம் சோறு தின்றிருக்கிறாள். வேலைக்கு நடுவே, பேச்சுக்கு நடுவே, வண்டியில் நெல் ஏற்றுவது போல ஏற்றியிருக்கிறாள். அதற்கு இப்படி ஒரு மணம் உண்டு, லேசான ஒரு இனிப்பு உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. தொண்டையில் இறங்கி வயிற்றுக்குள் போய் உட்காரும் வரை அதன் பின்னாலேயே மனசால் போனாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடியது.

"உப்புக் கூடிப்போச்சோ?" என்று கேட்டார் அய்யம்பெருமாள்.

"உம்ம தலை," என்றாள். இரண்டாவது வாய் எடுத்தாள்.

கும்பா காலியானதும் அவளுக்குத் தெம்பு வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"ஆரல்வாய்மொழிப் பிள்ளைக்கு 'ம்'னு சொன்னீராமே?"

அய்யம்பெருமாள் திடுக்கிடவில்லை. அவருக்கு மைதீன் சொன்னது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். வெற்றிலையைக் கிள்ளினார்.

"இல்லைன்னு சொன்னா அக்கா ஏன்னு கேப்பா. சாயங்காலம் வரைக்கும் கேப்பா. 'ம்'னு சொன்னா எழும்பிப் போயிருவா. எனக்கு உன் நெத்தித் துணியை மாத்தணும்."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி உலகம்மை கேட்டதில்லை. மேற்கொண்டு கேட்க நிறைய வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "துணியை இன்னும் கொஞ்சம் நல்லாப் பிழிஞ்சு போட்டிருக்கலாம். காதுக்குள்ளே தண்ணி போச்சு," என்றாள்.

ஐப்பசியில் அவள் சொந்தக்காரர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிட்டாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம், "வந்தாத் தெரியும்," என்றாள். ஜெபமணியும் சேக் மைதீனும்கூட வந்திருந்தார்கள். பந்தலில் இலை போட்டாயிற்று. மொட்டைத்தலையில் முள்ளு முள்ளாக முடி முளைத்திருக்க, முக்காடு போடாமல் உலகம்மையே பரிமாற வந்தாள்.

அவியல் வந்தது. எரிசேரி வந்தது. புளிசேரி, இஞ்சிப்பச்சடி, ஏத்தங்காய் உப்பேரி என்று வரிசையாக வந்தன. அழகியநாயகிக்கு முதலில் உறைத்தது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. அண்ணனைப் பார்த்தாள். தெய்வநாயகம் பிள்ளை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"அத்தான், சேனை ரெண்டு போட்டிருக்கேன். சரியா இருக்கா பாருங்கோ," என்றாள் உலகம்மை. கரண்டி நிறைய நெய்யை எடுத்து அவர் சோற்றில் ஊற்றினாள். குழி நிறைந்து இலையில் ஓடியது. இன்னொரு கரண்டி ஊற்றினாள். "பின்னாலே ரெண்டு பாயசம் வருது. அடைப்பிரதமனும் சிறுபயிறும். உங்க யோசனைதான்."

பந்தலில் எல்லார் கண்ணும் தெய்வநாயகம் பிள்ளையின் இலைமேல் இருந்தது. விஷயம் தெரியாத ஜெபமணி மட்டும் எரிசேரி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

தெய்வநாயகம் பிள்ளை ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார். விழுங்கினார். பிறகு, அழுகிற குரலில், ஆனால் ஒரு ரசிகனின் நேர்மையோடு சொன்னார்: "மக்கா, நீ செத்திருந்தா இது இவ்வளவு ருசியா அமைஞ்சிருக்காது."

முதலில் சிரித்தது சேக் மைதீன். பிறகு பந்தலே சிரித்தது. அழகியநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். உலகம்மை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றி, வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரிப்பால் வருகிற வயிற்றுவலி எவ்வளவு நல்ல வலி என்று அவளுக்கு அப்போது தோன்றியதாம். அன்றைக்குத் தெய்வநாயகம் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, தூக்கிவிட ஆள் கேட்டார்.

அதற்குப் பிறகு உலகம்மை வெகுகாலம் இருந்தாள். முடி திரும்ப வளர்ந்தது, ஆனால் சுருட்டையாக. சாந்தமாகிவிட்டாளா என்று கேட்டால், இல்லை. இருமுகிறவர்கள் வாசலில் நின்று பேசும் பூனைப் பேச்சை மட்டும் விட்டுவிட்டாள். இன்னொரு வித்தியாசமும் வந்தது, அதுதான் ஊரைப் பாடாய்ப் படுத்தியது.

எங்கள் பக்கத்தில் எதிரே வருபவரிடம் "சுகமா இருக்கியளா?" என்று கேட்பது ஒரு வழக்கம். யாரும் பதிலுக்கு நிற்பதில்லை. உலகம்மை நின்றாள். கேட்டவரையும் நிறுத்தினாள்.

"கேக்கியா? சொல்லுகேன். விடியக்காலம் எழும்பினேன், தலை சுத்தல. ரெண்டு காலும் தரையிலே பாவிச்சு. கொல்லைக்குப் போனேன், சுகமாப் போச்சு. நல்லாப் பசிச்சுது. நேத்தைய சோத்தைப் பிழிஞ்சு வச்சு மோர்மிளகாயைக் கடிச்சேன், சுள்ளுன்னு மூக்கிலே ஏறிச்சு பாரு, எம்மா! ஆத்திலே முங்கினேன், மூச்சு முட்டல. நடந்து வாறேன், வேர்க்குது. காய்ச்சல் வேர்வை இல்லே கேட்டியா, வெயில் வேர்வை. இந்தா, தொட்டுப் பாரு."

கையை நீட்டுவாள். தொட்டுப் பார்க்காமல் தப்ப முடியாது. நாளடைவில் ஊர்க்காரர்கள் உஷாராகிவிட்டார்கள். அவள் வருவது தெரிந்தால் வெறுமனே தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்துவிடுவார்கள். பூதப்பாண்டியிலிருந்து புதிதாக வந்த தபால்காரர் ஒருவர்தான் விவரம் தெரியாமல் மரியாதைக்குக் கேட்டுவிட்டார். அன்றைக்கு அந்த ஊரில் கிழக்குத் தெருவுக்குத் தபால் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.